ரெட்டிகிள் என்றால் சின்ன வலை

வேட்டைத் துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கியை ஆங்கிலத்தில் ஸ்கோப் என்பார்கள். அதில் ஒரு வகை 'இல்யூமினேட்டட் ஸ்கோப்'. இதை 'ஒளியூட்டப்பட்ட தொலைநோக்கி' என்று தமிழில் எழுதிவிட்டால், படிக்கிறவர் மனதில் டார்ச் லைட் மாதிரி ஒன்றுதான் வந்து நிற்கும். இருட்டில் மேயும் காட்டுப்பன்றி மேல் வெளிச்சம் அடிக்கிற கருவி போலிருக்கிறது என்று நினைப்பார். உண்மையில் அதிலிருந்து பன்றியின் மேல் ஒரு பொட்டு வெளிச்சம்கூட விழாது. ஒளிர்வது குழலுக்குள்ளே இருக்கும் மெல்லிய குறி மட்டும்தான். அதன் பெயர் ரெட்டிகிள். தமிழ்ப் பெயர் தேடுவதானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

லத்தீனில் ரேத்தே என்றால் வலை. அதோடு சிறுமையைக் குறிக்கும் விகுதி சேர்ந்து ரேத்திகுலும் ஆயிற்று: சின்ன வலை, வலைப்பை. அது ஆங்கிலத்துக்கு வந்தபோது ரெட்டிக்யூல் என்றும் ரெட்டிகிள் என்றும் இரண்டாகப் பிரிந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பெண்கள் கையில் தொங்கவிட்டுக்கொண்ட, கயிறு இழுத்து மூடும் பைக்கும் ரெட்டிக்யூல் என்றுதான் பெயர். நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பைக்கு ஒன்றுவிட்ட அக்கா என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்குள் இருக்கும் ரெட்டினாவும் இதே வேர்தான். கிரேக்க, அரபு மருத்துவர்கள் அதை வலை போன்ற படலம் என்று சொல்ல, லத்தீன்காரர்கள் அதையே தங்கள் சொல்லில் வைத்தார்கள். தமிழில் நாம் வலையை விட்டுவிட்டு, பிம்பம் விழும் இடம் என்பதைப் பார்த்து விழித்திரை என்றோம். வடிவத்தைவிட வேலையைப் பார்த்து வைத்த பெயர் அது. எனக்குப் பிடித்த கலைச்சொற்களில் ஒன்று.

சரி, துப்பாக்கித் தொலைநோக்கிக்குள் வலை எப்படி வந்தது? வானியலாளர்கள் கொண்டுவந்தது. தொலைநோக்கிக்குள் பிம்பம் விழும் இடமான குவியத்தில் மெல்லிய இழைகளைச் சாய்சதுரமாகவோ கட்டங்களாகவோ கட்டி, அந்த வலைக்குள் விண்மீன் நகர்வதை வைத்து அதன் இடத்தை அளந்தார்கள். ஃபிரெஞ்சு வானியலாளர் லக்காய் 1751–52இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து தென்வானத்தைக் குறித்தெடுத்தார். தனக்கு உதவிய அந்த வலைக்கருவியின் நினைவாக ஒரு விண்மீன் குழுவுக்கே ரெட்டிகுலம் என்று பெயர் வைத்துவிட்டார்.

அதற்கும் நூறாண்டு முந்தைய கதை இன்னும் சுவையானது. 1640ஐ ஒட்டி இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வில்லியம் கேஸ்கோயின் என்ற இளைஞர் இருந்தார். அவருடைய கருவிக்குள் ஒரு சிலந்தி நூல் இழுத்துவிட்டது. அந்த நூல் தற்செயலாகக் குவியத்தில் அமைந்ததால், பார்க்கும் பொருளோடு சேர்ந்து அதுவும் தெளிவாகத் தெரிந்தது. எங்கே பார்க்கிறோம் என்பதைத் துல்லியமாகச் சொல்ல இது போதும் என்று அவருக்குப் பிடிபட்டது. ஆனால் நிலா இல்லாத இரவில் இழையே தெரியாதே? விளக்குக்கூட்டுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி, குழலுக்குள் வெளிச்சம் விழும்படி வைத்தாராம். கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். இன்று பட்டன் பேட்டரியும் எல்இடியும் செய்யும் வேலை அதேதான். கேஸ்கோயின் 1644இல் மார்ஸ்டன் மூர் போரில் இறந்துபோனார்.

இப்போது தமிழுக்கு வருவோம். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் நிறமாலைமானியைத் தொட்டவர்களுக்கு 'குறுக்குக் கம்பி' என்ற சொல் பழக்கமானது. அங்கே அது சரிதான். வேட்டைக்காரரின் ஒளிரும் கருவியில் பெரும்பாலும் கம்பியே கிடையாது. கண்ணாடித் தகட்டில் செதுக்கிய கோடுகள்தான். செதுக்கிய இடத்தில் படும் எல்இடி வெளிச்சம் சிதறுவதால் கோடு ஒளிர்கிறது. குறுக்கே கோடு போகாத வடிவங்களும் இருக்கின்றன. 'வலை' என்று மூல அர்த்தத்தையே வைத்தால் மீன்தான் நினைவுக்கு வரும். எனவே என் தேர்வு குறியிழை. குறி பார்ப்பது, குறி தப்புவது என்று சுடுகிற பேச்சில் ஏற்கெனவே ஊறிய சொல் ஒன்று. அந்தச் சிலந்தியை மறக்காத சொல் இன்னொன்று. (குறி என்றதும் ஜோசியம் நினைவுக்கு வருகிறவர்களை நான் ஒன்றும் செய்ய முடியாது.) கருவி முழுவதற்கும் குறிநோக்கி போதும். அப்படியானால் இல்யூமினேட்டட் ஸ்கோப் என்பது ஒளியிழைக் குறிநோக்கி. ஒளி இழைக்கு உரியது என்பது சொல்லிலேயே இருந்துவிடுகிறது.

இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை என்பதற்கு ஜெர்மானிய வேட்டைக்காரர்களே சாட்சி. ரெட்டிகிளுக்கு அவர்கள் சொல்வது ஆப்ஸேயன். 'ஸேயன்' என்றால் பார்த்தல். ஒளிரும் வகைக்கு லொய்ஷ்ட்-ஆப்ஸேயன், அதாவது ஒளிரும் குறி. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்குத் தடை என்பதால், இந்தக் கருவியின் சொந்த ஊர் வழக்கத்தை அங்கேதான் பார்க்க வேண்டும். ஹோக்ஸிட்ஸ் என்ற மர மேடையில் ஏறிக் காத்திருப்பார்கள். தினைக்கொல்லைக் காவலுக்கு நம் ஆட்கள் போட்ட பரண்தான் அது. மான் வகைகளைச் சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சுடக்கூடாது என்பது அங்குள்ள வேட்டைச் சட்டம். காட்டுப்பன்றிக்கு அந்த இரவுத் தடை இல்லை. ஆகவே மொத்த ஆட்டமும் கருக்கலில்தான். குறி பார்த்துச் சுடுமளவுக்கு மிஞ்சியிருக்கும் வெளிச்சத்துக்கு அவர்களிடம் தனிச்சொல்லே உண்டு: பியூக்ஸன்லிஷ்ட், துப்பாக்கி வெளிச்சம்.

அந்தக் கருக்கலில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். ஒன்று, பன்றி தெரிய வேண்டும். இரண்டு, கறுத்த பன்றியின் மேல் கறுத்த இழை தெரிய வேண்டும். இழையின் ஒளி இரண்டாவதற்கு மட்டுமே மருந்து. முதலாவதைப் பார்த்துக்கொள்வது லென்ஸ். பொருளருகு லென்ஸின், அதாவது முன்பக்க லென்ஸின், விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். ஜெர்மானியர்களின் பழைய செல்லப்பிள்ளையான 8 மடங்கு, 56 மி.மீ. குறிநோக்கியில் அது 7 மி.மீ. இளம் வயதில் இருட்டில் கண்ணின் பாவை ஏறக்குறைய அவ்வளவுதான் விரியும். வயது ஏற ஏற அது 5 மி.மீ. பக்கம் சுருங்கும், அப்போது எட்டு மடங்குக்குக் கிட்டத்தட்ட 40 மி.மீ. லென்ஸே போதும், மிச்ச வெளிச்சம் பாவைக்கு வெளியே விழுந்து வீண். ஐம்பதைத் தாண்டியவர் பெரிய லென்ஸுக்குப் பணமும் எடையும் கொட்டுவதற்கு முன் இந்த வகுத்தலை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

இழை வடிவத்தில் நான்காம் எண் ஆப்ஸேயன் புகழ்பெற்றது. இடம், வலம், கீழ் என மூன்று தடித்த தூண்கள்; நடுவில் மட்டும் மெல்லிய கோடுகள். தடித்த தூண்கள் மங்கலிலும் கண்ணை நடுவுக்கு இழுத்துக்கொண்டு போகும். அதன் மையத்தில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி ஒளிர்ந்தால் போதும். முழு வலையும் தீபாவளி மாதிரி எரியும் வகையைக் கருக்கலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். புள்ளியும் பெரிதாக இருக்கக்கூடாது: ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு அகலமுள்ள புள்ளி, 100 மீட்டரில் ஏறக்குறைய 2.9 செ.மீ. அகலத்தை மறைக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வெளிச்சத்தை எவ்வளவு குறைக்க முடியும் என்பதுதான். கடையில் ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்று வாங்குகிறவர் எவ்வளவு பிரகாசம் என்றுதான் பார்ப்பார். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகலாம். புள்ளி கூசினால் அந்தப் பழக்கம் போய், பின்னாலுள்ள பன்றியும் மறைந்துவிடும். சிவப்பை வைப்பதற்குக் காரணமும் இதுதான். மங்கலில் வேலை செய்யும் குச்சி செல்கள் ஆழ்ந்த சிவப்பை ஏறக்குறைய உணர்வதே இல்லை. வாங்குமுன் ஓர் இருட்டறைக்குப் போய், பத்து நிமிடமாவது உட்கார்ந்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை ஆகக் குறைந்த அளவில் திருப்பிப் பாருங்கள். அப்போதும் புள்ளியைச் சுற்றி ஒளிவட்டம் படர்ந்தால் கருவியை வைத்துவிட்டு வரலாம். ஒவ்வொரு அளவுக்கும் நடுவில் அணைக்கும் நிலை உள்ள குமிழ் நல்லது. பரணில் இருட்டுக்குள் முதலிலிருந்து திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

அப்புறம் பேட்டரி. அது நடுவில் தீர்ந்துபோனாலும் செதுக்கிய கறுப்பு இழை கண்ணாடியில் அப்படியேதான் இருக்கும். வெளிச்சம் மிச்சமிருக்கும் வரை அதை வைத்தே குறி பார்க்கலாம். வெறும் ஒளிப்புள்ளியை மட்டும் காட்டும் ரெட் டாட் கருவிகளில் அந்த வசதி கிடையாது.