குயிக் ஷிஃப்டர் கியர் மாற்றாது, தம்பி

போன வாரம் என் பட்டறைக்கு ஒரு கேடிஎம் ஆர்சி 390 பைக் வந்தது, 2019 மாடல். மூன்றாவது கியரில் முறுக்கினால் டக்கென்று நழுவி வெளியே வந்துவிடுகிறது என்றார் அந்தத் தம்பி. ஐந்து மாதத்துக்கு முன்பு ஆன்லைனில் குயிக் ஷிஃப்டர், அதாவது கிளட்ச் பிடிக்காமல் கியரை மேலே போட உதவும் கருவி, வாங்கி எங்கோ ஒரு கடையில் மாட்டியிருக்கிறார். இன்ஜினை இறக்கி, இரண்டாகப் பிரித்து, கியர்களைத் துணி விரித்து வரிசையாக வைத்தேன். டாக் என்று நாங்கள் சொல்வது கியரின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் கட்டைகளை. பக்கத்துக் கியரில் போய்ப் பூட்டிக்கொள்வது அதுதான். புதுக் கியரில் அதன் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தால் நகம் சீவும். இதில் விரல் வைத்தால் கூழாங்கல் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. அதைத் தள்ளும் ஃபோர்க்கின் முனை சூட்டில் நீலம் பாரித்திருந்தது. இந்த வருடம் இப்படிப் பிரித்த நான்காவது கியர்பாக்ஸ் இது, நான்கும் ஒரே கதை.

"கியரைக் கீழே இறக்கும்போது கிளட்ச் பிடிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"குயிக் ஷிஃப்டர் போட்டிருக்கேண்ணா, அப்புறம் எதுக்குக் கிளட்ச்?"

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குயிக் ஷிஃப்டர் கியர் மாற்றுவதில்லை. மாற்றுவது உங்கள் கால்தான். ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் சக்தி முழுதும் அந்த டாக்குகளை ஒருபக்கமாக அழுத்திப் பிடித்திருக்கும், அதனால் அவை பிரியாது. நீங்கள் பெடலைத் தூக்கியதும், பெடலை கியர்பாக்ஸோடு இணைக்கும் ராடில் இருக்கும் சென்சார் அந்த அழுத்தத்தை உணர்ந்து, 50 முதல் 80 மில்லிசெகண்ட் வரை ஸ்பார்க்கை நிறுத்துகிறது. இதைத்தான் கட் என்போம். அந்தக் கண்ணிமைப்பில் டாக் தளரும், கால் கொடுக்கும் அழுத்தத்தில் அடுத்த கியர் விழும். அவ்வளவுதான் அதன் வேலை.

இப்போது கியரை இறக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆக்சிலரேட்டர் மூடியிருக்கிறது, பின்சக்கரம்தான் இன்ஜினை இழுத்துச் சுற்றுகிறது. டாக் இப்போதும் அழுந்தித்தான் இருக்கிறது, ஆனால் மறுபக்கத்தில். இந்த நேரத்தில் ஸ்பார்க்கை நிறுத்தி என்ன பயன்? இன்ஜின் வேகம் கூடினால்தான் டாக் தளரும். அதற்குத் தானாக ஆக்சிலரேட்டரைத் தட்டிக்கொடுக்கும் பிளிப்பர் வேண்டும், அது இருக்க எலக்ட்ரானிக் திராட்டில் வேண்டும், இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியூவும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். 2022 மாடல் முதல் ஆர்சி 390இல் மேலே போடவும் கீழே இறக்கவும் கம்பெனியே வைத்துத் தருகிறது. யமஹா ஆர்15 வி4இல் கம்பெனி வைத்ததே மேலே போட மட்டும்தான். நீங்கள் வெளியே வாங்கி ராடில் மாட்டுகிற, ஸ்பார்க்கை மட்டும் வெட்டுகிற கிட்டும் மேலே போட மட்டும்தான். "ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கே" என்று இன்னொருவர் வருவார். கியர் இறங்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டு குதிக்காமல் இருக்கத்தான் ஸ்லிப்பர் கிளட்ச். கிளட்ச் பிடிக்காமல் கியரை மிதிப்பதற்கு அது அனுமதிச் சீட்டு அல்ல.

இதே காரணத்தால்தான் இன்னொன்றும் சொல்கிறேன். பழக்கதோஷத்தில் கியர் போடும் நொடியில் ஆக்சிலரேட்டரை மூடாதீர்கள். மூடினால் சுமை மறுபக்கம் போய்விடும், கட் விழுந்தும் உபயோகமில்லை. முறுக்கிய கை முறுக்கியபடி இருக்கட்டும், கால் தயங்காமல் முழுதாகத் தூக்கட்டும். கொஞ்சமாகத் தொட்டுவிட்டு விட்டால் கட் மட்டும் விழும், கியர் பாதியில் நிற்கும். டாக்கின் ஓரம் மழுங்குவது அப்படித்தான். சிட்டி டிராபிக்கில், குறைந்த ஆர்பிஎம்மில், ஒழுங்காகக் கிளட்ச் பிடித்தே ஓட்டுங்கள்.

மாட்டும் வேலையில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு சென்சாரின் திசை. கியர் மேலே போகும்போது சில வண்டிகளில் ராடு இழுபடும், சிலவற்றில் தள்ளப்படும். கிட் வாங்கும் முன் பெடலை மெதுவாகத் தூக்கி ராடு எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பாருங்கள். ஒரு வாடிக்கையாளர் குயிக் ஷிஃப்டர் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த வண்டிக்கு ரேஸ்காரர்கள் போல ஜிபி ஷிஃப்ட், அதாவது பெடலை மிதித்தால் கியர் மேலே போகும் முறை, வேண்டுமென்று பெடல் லிங்கேஜைத் திருப்பிப் போட்டார். சென்சாரை யாரும் யோசிக்கவில்லை. பிரேக் பிடித்துக் கியர் இறக்கும்போதெல்லாம் கட் விழ ஆரம்பித்தது, மேலே போடும்போது ஒன்றுமே நடக்கவில்லை. லிங்கேஜைத் தொட்டால் சென்சாரையும் மறுபடி செட் செய்தே ஆக வேண்டும்.

ராடின் ஒரு முனை பெரும்பாலும் இடதுகைத் திரெட், வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் இறுகும், அதைத் தெரியாமல் முறுக்கி அழித்துவிடாதீர்கள். சென்சாரின் நீளத்துக்கு ஏற்ப ராடை வெட்டும்போது இரண்டு பக்கமும் குறைந்தது 8 மில்லி திரெட்டாவது உள்ளே போயிருக்க வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது இன்னொரு ஸ்பேனரால் சென்சாரின் உடலைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சென்சாரும் சேர்ந்து சுற்றி வயரின் அடி முறியும். வெளியே பார்த்தால் வயர் முழுசாகத்தான் தெரியும், உள்ளே போயிருக்கும். அப்படிப்பட்ட ஒரு வண்டி பல்லடம் சாலையில் லாரியை ஓவர்டேக் செய்யும் நடுவில், ஒரு குழியில் ஏறி இறங்கியதும், இன்ஜின் விட்டுவிட்டு அணைந்திருக்கிறது. ஓட்டியவர் என் எதிரில் உட்கார்ந்து சொன்னபோது அவர் கை நடுங்கியது. தயவுசெய்து ஸ்பார்க் கொடுக்கும் காயிலின் வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றாதீர்கள். கம்பெனி கனெக்டருக்குப் பொருந்தும் வயர் ஹார்னஸோடு வரும் கிட்டை வாங்குங்கள். வயரை சைலன்சர் பெண்டிலிருந்து தள்ளி, செயினில் உரசாமல், டை போட்டுக் கட்டுங்கள்.

சோதிப்பது பற்றி. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டில் ஏற்றி, ஐந்தாயிரம் ஆறாயிரத்துக்கு முறுக்கி, சடசடவென்று கியர் போட்டு வீடியோ எடுப்பது சோதனை அல்ல. சக்கரத்தில் சுமையே இல்லாதபோது கட் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? செயின்தான் அடிவாங்கும், ஏபிஎஸ் விளக்கும் எரியும். ஸ்டாண்டில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். நியூட்ரலில் கொஞ்சம் ஆர்பிஎம் வைத்து, நியூட்ரலிலிருந்து வெளியே போகாத அளவுக்குப் பெடலைக் கையால், கியர் மேலே போடும் பக்கமாக அழுத்தினால் கட் விழுகிறதா, கையை எடுத்தால் உடனே விடுகிறதா. கட்டை இயக்கும் பெட்டியான மாட்யூல் சிலவற்றில் வண்டி ஓடும்போது மட்டுமே வேலை செய்யும், அதன் கையேட்டைப் படியுங்கள். அப்புறம் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, வயரை அங்கங்கே ஆட்டி, தேவையில்லாமல் கட் விழுகிறதா என்றும் பாருங்கள்.

மற்றதெல்லாம் ஓட்டித்தான் தெரியும். செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கிலோ இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ டிராக் டே நடக்கும், அங்கே போங்கள். அவிநாசி ரோடு சோதனைக்களம் அல்ல. கட் நேரத்தை நான் 65 மில்லிசெகண்டில் ஆரம்பிப்பேன். கியர் விழ மறுத்தால் ஐந்தைந்தாகக் கூட்டுவேன், விழுந்த பிறகும் வண்டி முன்னால் தலைகுனிந்து தயங்கினால் குறைப்பேன். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மட்டும் கொஞ்சம் அதிகம் வேண்டும், நடுவில் நியூட்ரலைத் தாண்ட வேண்டியிருக்கிறதே. "டப்" சத்தம் வருவதற்காகக் கட் நேரத்தை ஏற்றச் சொல்லி வருகிறவர்களுக்கு நான் செய்து தருவதில்லை. அந்தச் சத்தம் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் வெடிப்பது, புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிட்டிக் கன்வெர்ட்டரைத்தான் அது தின்னும்.

சென்சாரை ரொம்பத் தொட்டாற்சிணுங்கியாகவும் வைக்காதீர்கள். வளைவில் சாய்ந்திருக்கும்போது ஷூ பெடலில் பட்டு ஒரு கட் விழுந்தால் பின்டயரின் பிடி அங்கேயே போகலாம். எப்போதாவது வண்டி காரணமில்லாமல் ஒரு நொடி தயங்கினால், பெட்ரோல் பங்கைக் குறைசொல்வதற்கு முன், ஓரமாக நிறுத்தி சீட்டைக் கழற்றி, குயிக் ஷிஃப்டர் கனெக்டரை எடுத்துவிட்டு கம்பெனி கனெக்டரையே மறுபடி சேருங்கள். ஐந்து நிமிட வேலை. கிளட்ச் பிடித்தே வீட்டுக்குப் போங்கள், மறுநாள் எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறேன்.