ரைடு ஹைட் என்றால் இருப்புயரம்

"வண்டி அடி தட்டுது, கொஞ்சம் தூக்கிக் குடுங்க" என்று ஊட்டி, குன்னூர் பட்டறைகளில் கேட்பவர் மனதில் இருப்பது கிரவுண்ட் கிளியரன்ஸ். மெக்கானிக் கை வைப்பது ரைடு ஹைட்டில். இரண்டும் ஒன்றல்ல.

தரைக்கும் வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்த பாகத்துக்கும் நடுவே உள்ள இடம் கிரவுண்ட் கிளியரன்ஸ். அதற்குத் 'தரை இடைவெளி' சரியான சொல். ஸ்பிரிங் பாரத்தில் அமுங்கி நிற்கும்போது பாடி சக்கரத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே ரைடு ஹைட். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்தால் தெரிந்துவிடும். பெரிய டயர் மாட்டினால் தரை இடைவெளி கூடும். ரைடு ஹைட் மாறாது.

'ரைடு' பழைய ஆங்கிலத்தின் 'ரீடான்' என்ற வினையிலிருந்து வந்தது. குதிரை ஏறிப் போவது என்று பொருள். மோட்டார் துறையில் ஸ்பிரிங் மேல் வண்டி போகும் விதத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதை அப்படியே 'சவாரி உயரம்' என்றால் சீட்டின் உயரமோ என்று தோன்றும். 'இருப்புயரம்' என்பதே என் தேர்வு. ஆள் ஏறினால் இறங்கும், ஸ்பிரிங் தளர்ந்தால் குறையும். அந்த நேரத்து நிலையைச் சொல்ல 'இருப்பு' பொருந்துகிறது.

வண்டியைத் தாழ்த்தினால் அடியில் புகும் காற்று குறையும், காற்றுத்தடை இறங்கும். ஆனால் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது. 100 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதில் 30-ல் பதினோரில் ஒரு பங்குதான். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் அதனால் ஒரு பயனும் இல்லை. அங்கே பிரேக் பிடித்தபடி இறங்கும்போது பாரம் முன்னால் சாயும். தாழ்த்திய வண்டியில் ஸ்பிரிங்குக்கு அமுங்க இடமின்றி பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் முட்டும். முட்டிய பிறகு குழி வந்தால் அதிர்ச்சி நேராகப் பாடிக்குப் போகும், டயரின் பிடி விடும்.

வண்டி தாழ்ந்தால் வளைவில் சாயாது என்பதும் பாதி உண்மைதான். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் மெக்பெர்சன் ஸ்ட்ரட் வண்டியில், சக்கரத்தைக் கீழே பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் சக்கரப்பக்க முனை மேலேறும். வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், புவியீர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழிறங்கும். இரண்டின் இடைவெளி கூடுவதால், ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டாமல் தாழ்த்தினால் சாய்வு கூடவும் செய்யும். அதிகம் தூக்கினாலும் தொல்லைதான்: சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் கூடி, அதன் முனையில் மடங்கும் மூட்டான சிவி ஜாயின்ட்டும் அதன் ரப்பர் உறையும் சீக்கிரம் போகும்.

அளப்பதற்குச் சமதளம் வேண்டும். மலையில் அதுதான் முதல் சிக்கல். சரிவில் அளந்தால் பாரம் ஒரு பக்கம் இறங்கி, இடது வலது கணக்கு பொய்யாகும். டயர் காற்றைச் சரிபார்த்து, ஜாக்கிலிருந்து இறக்கியதும் வண்டியை முன்னும் பின்னும் சில மீட்டர் உருட்டிவிட்டு டேப் பிடிக்க வேண்டும். உருட்டாவிட்டால் ஜாக்கில் தொங்கியபோது உள்ளே இழுத்த சக்கரம் பரவாமல் உயரம் கூடுதலாகக் காட்டும். லோயர் ஆர்ம் போல்ட்டைச் சக்கரம் தரையில் நிற்கும்போதே முறுக்க வேண்டும். தொங்கவிட்டு முறுக்கினால் மூட்டிலுள்ள ரப்பர் புஷ் முறுகி நின்று சில மாதத்தில் கிழியும். பிறகு சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட், கடைசியாக ஹெட்லைட். பின்பக்கம் மட்டும் ஒரு விரலளவு இறங்கினாலும் எதிரே ஏறி வருபவர் கண்ணில் வெளிச்சம் அடிக்கும்.