கியர்பாக்ஸை வீட்டில் இறக்கும் முன்: எடை எதன் மேல் நிற்கிறது?

கியர்பாக்ஸை வீட்டிலேயே இறக்கி ஏற்றலாமா என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். கிளட்ச் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் சீலில் ஆயில் ஒழுகும். கையில் ஸ்பேனர் செட் இருக்கிறது, வீடியோவும் பார்த்தாகிவிட்டது. முடியுமா என்றால், முடியும். ஆனால் இந்த வேலையில் நான் பார்த்த சேதங்கள் கிட்டத்தட்ட எல்லாமே, ஆளுக்கு நேர்ந்ததானாலும் பொருளுக்கு நேர்ந்ததானாலும், ஒரே காரணத்தால் வந்தவை. நிற்கக் கூடாத இடத்தில் எடை நின்றது. அதனால் எந்த போல்ட்டில் கை வைத்தாலும், இதைக் கழற்றினால் எடை எங்கே போகும் என்று முதலில் யோசியுங்கள்.

முதலில் வண்டி. ஹைட்ராலிக் ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு இல்லை. உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் சீல் விட்டுப்போனால் வண்டி இறங்கிவிடும், எச்சரிக்கையே இருக்காது. வண்டியின் சர்வீஸ் மேனுவலில் (பழுதுபார்ப்புக் கையேட்டில்) காட்டியிருக்கும் இடங்களில் ஸ்டாண்ட் வைத்து, ஜாக்கியைத் தளர்த்தி, முழு எடையும் ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகுதான் அடியில் போக வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் வேண்டாம். நன்றாகத் தாங்குவது போலவே இருந்து ஒரே நொடியில் நொறுங்கும். தரை சமமான கான்கிரீட்டாக இருக்கட்டும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கழற்றிய சக்கரங்களை வண்டிக்கு அடியில் படுக்க வையுங்கள். அப்புறம் வெளியே நின்றபடியே வண்டியை இரு கையாலும் பலமாக ஆட்டிப் பாருங்கள். இறுகிய போல்ட்டை அடியில் படுத்துக்கொண்டு இழுக்கும்போது அதைவிட அதிகமாக ஆடும். ஆட்டம் தெரிந்தால் இறக்கி, முதலிலிருந்து தூக்குங்கள்.

எவ்வளவு உயரம் தூக்குவது என்பதிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். இறங்கிய கியர்பாக்ஸ் ஜாக்கியின் மேல் உட்கார்ந்தபடியே பம்பருக்கு அடியில் வெளியே வர வேண்டும். அந்த உயரத்தை முன்பே அளந்துகொள்ளாவிட்டால், எல்லாம் பாதி தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் வண்டியை மறுபடி தூக்க வேண்டிவரும்.

அடுத்தது எஞ்சின். முன்சக்கர டிரைவ் வண்டிகளில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே மவுண்டிங்குகளை, அதாவது பாடியோடு பிடித்து நிறுத்தும் தாங்கிகளை, பகிர்ந்துகொண்டு நிற்கின்றன. கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்டிங்கைக் கழற்றியதும் எஞ்சின் அந்தப் பக்கம் சாயும். மேலிருந்து தாங்கும் சப்போர்ட் பார்தான் இதற்குச் சரி, அடியில் இடத்தை அடைக்காது. அது கிடைக்காமல் கீழிருந்து ஜாக்கி கொடுத்தே ஆக வேண்டும் என்றால், மேனுவல் அதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். ஆயில் சம்ப்புக்கும் ஜாக்கிக்கும் நடுவில் அகலமான மரப்பலகை இல்லாமல் ஏற்றாதீர்கள். சம்ப் நசுங்கினால் உள்ளே ஆயில் உறிஞ்சும் குழாய் அடைபடும்.

சின்ன கார்களின் மேனுவல் கியர்பாக்ஸ் பொதுவாக 30 முதல் 50 கிலோ வரை இருக்கும். ஆட்டோமேட்டிக் என்றால், கிளட்சுக்குப் பதிலாக எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரும் ஆயிலும் சேர்ந்து 80 கிலோவைத் தாண்டலாம். ஆள் இருக்கிறார், கையில் பிடித்து இறக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். டிரான்ஸ்மிஷன் ஜாக்கியில் பெல்ட் போட்டுக் கட்டி இறக்குங்கள். அடியில் யாரும் படுத்திருக்கக் கூடாது. கூட ஒருவர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஆட்டோமேட்டிக்கில் இன்னொன்று. கியர் பெட்டி எஞ்சினிலிருந்து பிரிந்ததும் கன்வெர்ட்டர் நழுவி விழலாம். அதைத் தனியாகக் கட்டி வையுங்கள்.

கழற்றும் முன் இரண்டு விஷயம். பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் எடுங்கள். செல்ஃப் மோட்டாருக்கு வரும் தடித்த வயர் பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக வருகிறது, சாவி அணைந்திருந்தாலும் அதில் கரண்ட் இருக்கும். ஸ்பேனர் அந்த முனையிலும் பாடியிலும் ஒரே நேரத்தில் பட்டால் அங்கேயே பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, ஆயிலை வடிக்கும் முன், நிரப்பும் மூடி கழல்கிறதா என்று பாருங்கள். வடித்துவிட்டு மேல் மூடி திறக்கவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். கிளட்ச் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய வண்டிகளில் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இனி ஏற்றுவது. உண்மையான வேலை இங்கேதான். கிளட்ச் பிளேட்டில் எந்தப் பக்கம் ஃபிளைவீலைப் பார்க்க வேண்டும் என்று குறித்திருக்கும். மையப்படுத்தும் கருவியை நடுவில் செருகி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எஞ்சினையும் பெட்டியையும் நேராகச் சேர்க்க நடுவில் வரும் டவல் பின்கள் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். அப்புறம் பெட்டியை எஞ்சினுக்கு நேராக, அதே சாய்வில் கொண்டுவந்து, சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக இருக்கும்படி ஜாக்கியைச் சரிசெய்யுங்கள். கிளட்ச் பிளேட்டுக்குள் நுழையும் இன்புட் ஷாஃப்டின் பல் சேரவில்லையா? கியரில் போட்டு, டிரைவ் ஷாஃப்ட் செருகும் இடத்தை லேசாகத் திருப்புங்கள். பெட்டி கையால் தள்ளினாலே போய் உட்கார வேண்டும்.

உட்காரவில்லை என்றால், போல்ட் போட்டு இழுக்காதீர்கள். மிச்சம் ஒரு விரல் இடைவெளிதானே, இறுக்கினால் வந்துவிடும் என்று தோன்றும். வராது. எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு பெட்டியில், மேல் மூலையில் போல்ட் போகும் காது ஒன்று அடியோடு விண்டிருந்தது. கிளிப்பிலிருந்து நழுவிய ஒரு வயர் இரண்டு முகங்களுக்கும் நடுவில் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. வார்ப்பு அலுமினியம் வளைந்து கொடுக்காது, உடையும். பெட்டியைப் பாதி செருகிவிட்டு, இன்புட் ஷாஃப்டிலேயே தொங்க விட்டு இளைப்பாறுவதும் அதே அளவு கெடுதல். மொத்த எடையும் கிளட்ச் பிளேட்டின் நடுவில் ஏறி, அது கோணும். பார்த்தால் தெரியாது. வண்டி ஓடும்போது கிளட்ச் முழுதாக விடாது, கியர் கரகரவென்று விழும். கடைசியில் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டியதுதான்.

ஆட்டோமேட்டிக்கில் இதைவிடக் கவனம் தேவை. பெரும்பாலான பெட்டிகளில் கன்வெர்ட்டர் மூன்று இடங்களில் சேர வேண்டும்: இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர் ஷாஃப்ட், கடைசியாக ஆயில் பம்ப். தள்ளியபடி சுழற்றினால் ஒவ்வொன்றாக உள்ளே இறங்குவது கைக்குத் தெரியும். இரண்டோடு நிறுத்திவிட்டு போல்ட்டை இறுக்கினால் பம்ப் நொறுங்கும். பெட்டியில் எஞ்சினோடு சேரும் அகன்ற வாயான பெல் ஹவுசிங்கின் விளிம்பில் ஒரு நேர்கம்பியைக் குறுக்கே வைத்து, கன்வெர்ட்டர் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்து, மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். பெட்டி எஞ்சினோடு சேர்ந்த பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுழல வேண்டும்.

மற்றவை சீக்கிரம் முடியும். எர்த் பட்டையை மறக்காமல் மாட்டுங்கள். மறந்தால் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் கிளட்ச் கேபிள், கியர் கேபிள் வழியாகத் திரும்பி அவற்றைச் சுட்டுவிடும். ஆயிலில் மேனுவல் சொல்லும் தரம்தான். ஜிஎல்-4 தர கியர் ஆயில் கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றினால், அதன் சேர்மங்கள், கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். டிரைவ் ஷாஃப்டின் முனையைச் சக்கர நடுவில் பிடிக்கும் ஹப் நட் முழுதாக இறுகாமல் சக்கரத்தில் வண்டியின் எடையை இறக்காதீர்கள், வீல் பேரிங் கெடும். பிரேக் மிதித்து ஆள் பிடித்துக்கொள்ள, தூக்கியிருக்கும்போதே டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். சில வண்டிகளில் அந்த நட் புதிதாகத்தான் போட வேண்டும்.

ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டிகளை வீட்டில் தொடாதீர்கள். அங்கே எடையோடு உயிரைப் பறிக்கும் வோல்டேஜும் இருக்கிறது. பொருத்திய பிறகு ஸ்கேனர் வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டிய டூயல் கிளட்ச் பெட்டிகளும், எஞ்சினுக்கு அடியில் இருக்கும் சட்டமான சப்ஃபிரேமையே இறக்கினால்தான் வெளியே வரும் பெட்டிகளும் பட்டறைக்குப் போகட்டும். உங்கள் வண்டி எந்த வகை என்று மேனுவலின் அந்த அத்தியாயத்தை முழுதாகப் படித்துவிட்டு, அதன் பிறகு முதல் போல்ட்டைத் தொடுங்கள்.