மூங்கில் வெட்ட அனுமதி வேண்டுமா? அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது

மூங்கில் புல் வகை. நெல்லும் கரும்பும் இருக்கிற அதே குடும்பம். ஆனால் 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் அதை மரக் கணக்கில் சேர்த்துவிட்டது. அதனால் சொந்த வரப்பில் வளர்த்த கழியை வெட்டி வண்டியில் ஏற்றவும் பல மாநிலங்களில் வனத்துறைச் சீட்டு கேட்டார்கள். 2017 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அடுத்து நாடாளுமன்றமும் சட்டத்தைத் திருத்தி, மர வரையறையிலிருந்து மூங்கிலை எடுத்தது.

இந்தச் சலுகை காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலுக்கு மட்டுமே. காட்டிலிருந்து வெட்டி வந்தால் அது இன்றும் வனப்பொருள்தான். தமிழ்நாட்டுக்காரர்கள் பலர் கவனிக்காத சங்கதி இன்னொன்று உண்டு. இங்கே நடைமுறையில் இருப்பது 1927ஆம் ஆண்டுச் சட்டமல்ல, 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம். மத்தியச் சட்டத்தைத் திருத்தியதால் மாநிலச் சட்டம் தானாக மாறிவிடாது. "டெல்லியில் ரத்து பண்ணிட்டாங்க" என்று யாரோ சொன்னதை நம்பி லாரி பிடிக்காதீர்கள். பட்டா நகலோடு வனச்சரக அலுவலகத்துக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

காட்டுக்குள் வாழ்பவர்களுக்குக் கதை வேறு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேன், மெழுகு, கிழங்கு, மூலிகை ஆகியவற்றோடு மூங்கிலையும் சிறு வனப்பொருள் என்கிறது. வழிவழியாகச் சேகரித்து வந்தவர்களுக்கு அதை எடுக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் உரிமை உண்டு. காட்டைச் சார்ந்து வாழும் பழங்குடியினர் இதில் வருவார்கள். பழங்குடி அல்லாதவர்கள் என்றால், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். இந்த உரிமையைக் கேட்கும் மனு முதலில் கிராம சபைக்குப் போகும். அங்கிருந்து கோட்டக் குழு, கடைசியில் மாவட்டக் குழு.

வன உரிமைச் சட்டத்துக்கான 2008ஆம் ஆண்டு விதிகள் தலைச்சுமை, சைக்கிள், கைவண்டி ஆகியவற்றில் கொண்டுபோவதைப் பற்றித்தான் பேசின. மூங்கில் கட்டுகளைச் சைக்கிளில் வைத்து எத்தனை நடைதான் அடிப்பது? 2012 திருத்தம் பொருத்தமான எந்த வாகனத்துக்கும் இடம் கொடுத்தது. போக்குவரத்துச் சீட்டைக் கிராம சபை அமைக்கும் குழுவே தரலாம். கட்டணமோ உரிமைத்தொகையோ வாங்கக் கூடாது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா லேகா கிராமம் 2011இலேயே சீட்டுப் புத்தகத்தைத் தன் கையில் வாங்கி மூங்கில் விற்றது. காகிதத்தில் உள்ள உரிமை எப்போது உரிமையாகிறது என்பதற்கு என் கணக்கில் அதுவே நல்ல சாட்சி.

சரி, புதிதாக நட நினைப்பவர்களுக்கு? தேசிய மூங்கில் இயக்கம் 2018இல் மாற்றியமைக்கப்பட்டபோது, ஒரு கன்றுக்கு மூன்றாண்டுச் செலவு 240 ரூபாய் என்று வைத்து, அதில் பாதியான 120 ரூபாயைத் தவணைகளில் மானியமாக அறிவித்தார்கள். தொகையும் விதிகளும் அவ்வப்போது மாறும். நீங்கள் நடும் ஆண்டின் நிலவரத்தை வேளாண் அலுவலகத்தில் கேட்ட பிறகே குழி வெட்டுங்கள். 5 மீட்டருக்கு 5 மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 160 கன்று பிடிக்கும்.

நாலைந்து வருடத்தில் வெட்டு தொடங்கலாம். தூரில் எல்லாக் கழியும் ஒரே வயதல்ல. கழியைச் சுற்றியுள்ள உறை ஒட்டிக்கொண்டு, மேலே வெள்ளை மாவு படிந்து பளிச்சென்று இருந்தால் அது இளசு, விட்டுவிடுங்கள். உறை உதிர்ந்து, பச்சை மங்கி, திட்டுத்திட்டாகப் பாசி ஏறியிருந்தால் முற்றியது. தரைக்கு மேல் ஒன்றிரண்டு கணு விட்டு வெட்டுங்கள். மழைக்காலத்தில் குருத்து கிளம்பும், அப்போது கத்தி வேண்டாம்.

கன்று வாங்கும்போது, விதைக் கன்றா, பதியன் போட்டதா என்று கேளுங்கள். முள் மூங்கில் ஏறக்குறைய 40 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, மூங்கில் அரிசியைத் தந்துவிட்டுக் காய்ந்துபோகும். பதியன் கன்றுக்குத் தாய்த்தூரின் வயதுதான் கணக்கு. 35 வயதுத் தூரிலிருந்து எடுத்ததென்றால் உங்கள் நிலத்தில் சில ஆண்டுகளிலேயே பூத்துவிடும். மானியம் அந்த நட்டத்தை ஈடுகட்டாது.