டேப்பை உரித்துவிட்டுப் போடுங்கள்

அட்டைப்பெட்டியில் ஒரு துண்டை வெட்டி, நைட்ரஜன் ஓடும் குழாய் உலையில் இரவு வைத்துவிட்டுப் போவோம். காலையில் திறந்தால் அதே துண்டு சுருங்கி, கன்னங்கரேலென்று கிடக்கும். உள்ளிருக்கும் அலைமடிப்புகூடக் கலைந்திருக்காது. மல்டிமீட்டரை வைத்தால் மின்சாரம் கடத்தும். பழைய காகிதத்தைப் பேட்டரிக்கு உதவும் கார்பனாக மாற்றும் வேலை இது. ஆராய்ச்சிக்கூடத்தில் எத்தனையோ முறை பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

காகிதத்தின் செல்லுலோஸில் எடைக்கு ஏறக்குறைய 44 சதவீதம் கார்பன். காற்றுப்படாமல் சூடாக்கினால் மற்றவை ஆவியாகவும் வாயுவாகவும் போய்விட, கார்பன் கூடு மிஞ்சும். ஒருநாள் குழாயின் மூடி சரியாக இறுகாமல் காற்று புகுந்துவிட்டது. மறுநாள் கிடைத்தது ஒரு சிட்டிகை வெள்ளைச் சாம்பல்தான்.

சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். பழுப்புக் காகிதத்தை லேசரால் வலைபோல வெட்டி, சுமார் 1200 டிகிரி செல்சியஸில் கரியாக்கி, லித்தியம் அயனி பேட்டரிக்கு ஆனோடு (சார்ஜ் ஆகும்போது லித்தியம் போய்த் தங்கும் மின்முனை) செய்தார்கள். 2022 இறுதியில் முடிவை அறிவித்தார்கள்: 1200 சார்ஜ் சுற்றுகள் வரை தாங்கியதாம்.

எனக்கு இதைவிட, லித்தியத்துக்குப் பதில் சோடியத்தைப் பயன்படுத்தும் பேட்டரி மீதுதான் நம்பிக்கை. கிராஃபைட் என்ற ஒழுங்கான கார்பனின் அடுக்குகளுக்குள் சோடியம் எளிதில் நுழையாது; காகிதக் கரியைப் போன்ற ஒழுங்கில்லாத கார்பனில் நன்றாகத் தங்கும். ஆனால் முதல் சார்ஜிலேயே கணிசமான பங்கு வீணாவது இன்னும் தீராத தலைவலி. கரியில் துளைகள் கூடக் கூட அந்த இழப்பும் கூடும். மின்சாரத்தைக் கரியின் பரப்பில் சேமித்து வேகமாகத் திருப்பித் தரும் சூப்பர் கெபாசிட்டருக்கு அதே துளைகள்தான் வேண்டும். அதனால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கி, வேண்டுமென்றே துளைகளைப் பெருக்குவோம்.

சரி, வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்? அந்த வெள்ளைச் சாம்பல் காகிதத்தில் நிரப்பியாகச் சேர்க்கும் சுண்ணாம்பும் களிமண்ணும். பளபளக்கும் அட்டைகளில் இவை அதிகம்; மின்முனைக்குள் இவை வெறும் சுமை. பழுப்பு அட்டையில் குறைவு. அதில் ஒட்டிய டேப்பை உரித்து, தட்டையாக மடித்து, ஈரம் படாமல் பழைய பேப்பர் கடைக்குப் போடுங்கள். எண்ணெய் ஊறிய பீட்சா பெட்டியைத் தனியாக வையுங்கள். சந்தேகமாக இருந்தால் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள்: மெல்லிய பிளாஸ்டிக் தோல் இழுபட்டு வந்தால் அது காகிதக் கட்டில் சேராது. டீக்கடைப் பேப்பர் கப்பிலும் உள்பக்கம் அந்தத் தோல் உண்டு.


அப்புறம், இதை வீட்டு அடுப்பில் செய்து பார்க்க வேண்டாம். மூடிய இடத்தில் கரியாகும் காகிதம் கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.