அஞ்சறைப் பெட்டியில் ஆறாவது பொருள்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறான். கேமும் ஆடுவானாம், புரோகிராமும் எழுதுவானாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். கடைக்காரர் "கோர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது சார்" என்று 16 கோர் புராசசரைக் காட்டுகிறார். பையனோ 8 கோர்தான் வேண்டும், ஆனால் கேஷ் (cache, புராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம்) அதிகமுள்ளது வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். விவரம் தெரிந்துதான் கேட்கிறானா, இல்லை யாரோ யூடியூபில் சொன்னதைக் கேட்டு ஆடுகிறானா?

விவரம் தெரிந்துதான் கேட்கிறான். யூடியூபில் கேட்டிருந்தாலும் சரியானதைத்தான் கேட்டிருக்கிறான். (புராசசரைச் 'செயலி' என்றுதான் நாங்கள் எழுதிவந்தோம். இப்போது செயலி என்றால் ஆப் என்று ஆகிவிட்டது. அதனால் புராசசர் என்றே வைத்துக்கொள்கிறேன்.)

அடிப்படை தெரிந்ததுதான். 5 கிகாஹெர்ட்ஸ் புராசசர் என்றால் நொடிக்கு 500 கோடி துடிப்பு. கோர் என்பது கணக்குப் போடும் ஆள். 8 கோர் என்றால் 8 ஆட்கள். கடைகளில் இந்த இரண்டு எண்களோடு பேச்சு முடிந்துவிடும். அந்த ஆள் கணக்குப் போடாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கணக்குக்கு வேண்டிய எண் புராசசருக்கு வெளியே ரேம் என்ற நினைவகத்தில் இருந்தால் அது வந்து சேர ஏறக்குறைய 80 நானோ நொடி ஆகும். 5 கிகாஹெர்ட்ஸில் அது 400 துடிப்பு. காத்திருக்கும் நேரத்தில் வேறு ஏதாவது வேலையை இழுத்துப்போட்டுச் செய்யும் தந்திரமெல்லாம் புராசசருக்குத் தெரியும். ஆனால் 400 துடிப்பையும் அப்படி ஓட்டிவிட முடியாது.

இதற்காகத்தான் புராசசருக்குள்ளேயே கேஷ் என்ற சின்னச் சின்னக் கிடங்குகளை வைத்திருக்கிறார்கள். ஒரு நானோ நொடியை ஒரு நொடியாக இழுத்துப் பெரிதாக்கி, சமையலறையாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்1 கேஷ் என்பது அடுப்புப் பக்கத்திலேயே இருக்கும் அஞ்சறைப் பெட்டி; கை நீட்டினால் ஒரு நொடி. எல்2, தலைக்கு மேலே உள்ள அலமாரி, மூன்று நொடி. எல்3, பக்கத்து ஸ்டோர் ரூம், பத்து நொடி. ரேம், தெருமுனை அண்ணாச்சி கடை. ஓடிப்போய் வர ஒரு நிமிடத்துக்கு மேல். ஃபைல்களைச் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டி என்பது வெளியூரிலிருந்து சரக்கு வருவது மாதிரி, கிட்டத்தட்ட ஒரு நாள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. கேஷ் நிரம்பிவிட்டால் எதை வெளியே எடுப்பது? ரொம்ப நேரமாகத் தொடாத பொருளை எடு என்பதுதான் அடிப்படை விதி. நம் வீட்டிலும் அப்படித்தான் செய்வோம்.

சரி, அஞ்சறைப் பெட்டியில் ஐந்து அறை. கடுகு, உளுந்து, சீரகம், மிளகு, வெந்தயம். இந்த ஐந்தையும் இதே வரிசையில், திரும்பத் திரும்ப எடுக்கிறீர்கள். கடைக்குப் போகவே வேண்டாம். இப்போது வரிசையில் ஆறாவதாகப் பெருங்காயம் சேருகிறது. கடைக்குப் போய் வாங்கி வருகிறீர்கள். வைக்க இடமில்லை. ரொம்ப நேரமாகத் தொடாதது எது? கடுகு. அதைக் கொட்டிவிட்டுப் பெருங்காயத்தை வைக்கிறீர்கள். அடுத்து வேண்டியது என்ன? கடுகு! மறுபடி கடைக்கு ஓட்டம். கடுகை வைக்க உளுந்தைக் கொட்ட வேண்டும். அடுத்து வேண்டியது உளுந்து. அதை வைக்க இடம் கொடுப்பது சீரகம். அடுத்து வேண்டியது... புரிந்திருக்கும். ஐந்து அறைக்கு ஆறே ஆறு பொருள்தான். ஆறில் ஒரு முறை கடைக்குப் போனால் போதும் என்று தோன்றும். நடப்பதோ, ஆறுக்கு ஆறு முறையும் கடை. பெட்டியில் இன்னும் ஒரே ஒரு அறை இருந்தால் ஒருமுறைகூடப் போக வேண்டாம்.

முதன்முதலில் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று எங்கேயோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் போட்டேன். தப்பில்லை. நிஜப் புராசசர்கள் இதைவிடக் கொஞ்சம் சாமர்த்தியமான விதிகளை வைத்திருப்பதால் வேகம் இவ்வளவு செங்குத்தாக விழாது. சரிவு மட்டும் உண்மை.

கேம் என்பது இந்த ஆறு பொருள் சமையல்தான். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது நொடிக்கு 144 படம் காட்டுவது என்றால் ஒரு படத்தைத் தயாரிக்க 7 மில்லி நொடிகூடக் கிடையாது. அதற்குள் ஆட்டத்தில் உள்ள ஒவ்வொரு ஆளும் எங்கே நிற்கிறான், குண்டு யார் மேல் பட்டது, கதவு திறந்ததா என்று ஆயிரக்கணக்கான பொருட்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும். அடுத்த படத்துக்கு மறுபடி அதே பொருட்கள். மொத்தம் 50 மெகாபைட் என்று வையுங்கள். எல்3 கேஷ் 32 மெகாபைட் என்றால் ஓயாமல் அண்ணாச்சி கடைதான். 96 என்றால் எல்லாம் வீட்டுக்குள்ளேயே.

புராசசர் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் 2022 ஏப்ரலில் ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற புராசசரில் செய்தது இதைத்தான். 32 மெகாபைட் எல்3-க்கு மேல் 64 மெகாபைட் கேஷை ஒரு தனிச் சிலிக்கான் துண்டாக மாடி கட்டுவது போல ஏற்றி, ஈயம் வைக்காமல் செம்போடு செம்பை நேரடியாக ஒட்டினார்கள். இந்த வகை நினைவகத்தில் ஒரு பிட்டுக்கு 6 டிரான்சிஸ்டர். 64 மெகாபைட்டுக்குக் கணக்குப் போட்டால் 320 கோடியைத் தாண்டும். அத்தனையும் ஸ்டோர் ரூமுக்கு மட்டும்!

மாடி கட்டியதில் சூடு வெளியேறுவது சிரமமானது. அதனால் வேகத்தைக் குறைக்க வேண்டிவந்தது. மாடி இல்லாத 5800எக்ஸ் 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், 3டி-யோ 4.5 வரைதான். அப்படியிருந்தும் கேம்களில் ஜெயித்தது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் கேஷைக் கோர்களுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். சூடு இப்போது நேராகக் கூலருக்குப் போகிறது, வேகமும் 5.2 வரை ஏறிவிட்டது.

எல்லா கேமிலும் இந்தப் பலன் கிடைக்காது. தொழிற்சாலை கட்டும் ஃபேக்டோரியோ நல்ல உதாரணம். தொழிற்சாலை ஓரளவு சின்னதாக இருக்கும்வரை 3டி கேஷ் பறக்கும். தொழிற்சாலை கேஷில் அடங்காத அளவு பெரிதாகிவிட்டால் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். பெருங்காயம் வந்துவிட்டது!

கடைக்காரர் காட்டிய 16 கோருக்கு வருகிறேன். அது ரைசன் 9 9950எக்ஸ் என்றால், பெட்டியில் எல்3 64 மெகாபைட் என்றிருக்கும். உள்ளே 8 கோராக இரண்டு துண்டு, ஒவ்வொன்றுக்கும் 32. ஒரு துண்டில் ஓடும் கேமுக்குப் பக்கத்து வீட்டு ஸ்டோர் ரூம் பெரிதாக உதவாது. 9950எக்ஸ்3டி-யிலும் ஒரு துண்டுக்கு மட்டுமே மாடி. கேமைச் சரியான துண்டுக்கு அனுப்புவது விண்டோஸின் பொறுப்பு. பெரும்பாலும் ஒழுங்காக அனுப்பிவிடுகிறது.

அப்புறம் புரோகிராமிங். ஆயிரக்கணக்கான ஃபைல்களைக் கம்பைல் செய்யும்போது (எழுதிய புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும்போது) ஒவ்வொன்றையும் ஒரு கோரிடம் கொடுத்துவிடலாம். அங்கே 16 கோர் அப்பட்டமாக ஜெயிக்கும். ஆண்ட்ராய்டு முழுவதையும் சோர்ஸிலிருந்து கட்டுகிறவர்களுக்கு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அது தேவை. முதல் வருட மாணவன் அதையெல்லாம் செய்யப்போவதில்லை. ஒரு ஃபைலில் இரண்டு வரி மாற்றி மறுபடி ஓட்டுவான். அதற்கு ஒன்றிரண்டு கோர் வேகமாக இருந்தால் போதும். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் இன்றைய எந்தப் புராசசரிலும் ஓடும்.

இந்தக் கேஷ் விஷயத்தைப் பையனே சோதித்துப் பார்க்கலாம். சி மொழியில் 10,000-க்கு 10,000 எண் அட்டவணை ஒன்றை எடுத்து வரிசை வரிசையாகக் கூட்டட்டும். பிறகு நெடுக்காக, பத்தி பத்தியாகக் கூட்டட்டும். விடை ஒன்றுதான், நேரம் மட்டும் பல மடங்கு எகிறும். ரேமிலிருந்து எதைக் கேட்டாலும் 64 பைட் கட்டாக வரும்; ஒரு எண் 4 பைட் என்றால் அதில் 16 எண் இருக்கும். வரிசையாகப் போனால் பதினாறும் பயன்படும். நெடுக்காகப் போனால் ஒன்றை எடுத்துக்கொண்டு பதினைந்தை வீசுகிறோம்.

இடையில் என் புலம்பல் ஒன்று. சென்னை ஐஐடி வடிவமைத்த சக்தி புராசசர் 2018-இல் சண்டிகரை ஒட்டிய மொகாலியில் சிலிக்கானில் அச்சானது. புராசசர் வரையத் தெரிந்த பிள்ளைகள் நம் ஊரில் உண்டு. வரைந்ததைச் சிலிக்கானாகக் கையில் பார்க்கும் செலவுக்குத்தான் கல்லூரிகள் தவம் கிடக்கின்றன. ஆய்வகத் திறப்பு விழாப் பந்தலுக்கு ஆகும் காசில் ஒரு பங்கு இதற்குப் போனாலும் சந்தோஷப்படுவேன்.

வாசகருக்கு: மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ் என்று முதலில் பையனிடம் கேளுங்கள். 144-க்கு மேல், கிராஃபிக்ஸ் கார்டும் கனமானது என்றால் அவன் கேட்ட 8 கோர் 3டி-யையே வாங்கிக்கொடுங்கள். 60 என்றால் அந்தக் காசு இப்போதைக்கு வீண். 6 கோர் ரைசன் 5 7600 எடுத்து, மிச்சத்தைக் கிராஃபிக்ஸ் கார்டிலும் 32 ஜிபி ரேமிலும் போடுங்கள். 7600, 9800எக்ஸ்3டி இரண்டுக்குமே போர்டில் உட்காரும் இடம் ஒன்றுதான், ஏஎம்5 சாக்கெட். போர்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற மென்பொருளை மட்டும் புதுப்பித்துவிட்டால் மூன்றாம் வருடம் அதே போர்டில் 9800எக்ஸ்3டி உட்கார்ந்துகொள்ளும். அதற்குள் அவன் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் படிக்க ஆரம்பித்திருப்பான்.