முதலமைச்சர் காப்பீட்டில் சிறுநீரகக் கல் சிகிச்சை

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை தருகிறது. இந்தத் தொகை குடும்பம் முழுவதற்கும் சேர்த்துத்தான். சிறுநீரகக் கல்லுக்கான அறுவைச் சிகிச்சைகளும் இதில் அடக்கம். காப்பீட்டு கார்டு இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகவேண்டும்.

கல் இருக்கிறது என்றாலே ஆபரேஷன் என்று எண்ணவேண்டாம். 5 மி.மீ.க்கு உட்பட்ட கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். சிறுநீர்க் குழாயில் சிக்கி இறங்காத கல்லை உள்நோக்கிக் கருவியால் உடைத்து எடுப்பார்கள். சிறுநீரகத்திலேயே 2 செ.மீ.க்கு மேல் வளர்ந்துவிட்டால் முதுகுப் பக்கம் சிறு துளையிட்டு எடுப்பதே வழக்கம். அதிர்வலையால் உடைப்பது அதைவிடச் சிறிய கல்லுக்குத்தான்.

திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை, சிகிச்சைக்கு முன் காப்பீட்டு நிறுவனத்திடம் அனுமதி வாங்கவேண்டும். கல்லின் அளவும் இடமும் தெளிவாக இல்லாத ஸ்கேன் அறிக்கையோடு போனால் இழுபறிதான். அல்ட்ராசவுண்டில் குழாய்க் கல் தவறிவிடலாம். மருந்து செலுத்தாமல் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் கால்சியம் கல் தப்பாது. சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின், கிருமித் தொற்று உண்டா என்று பார்க்கும் சிறுநீர் கல்ச்சர் முடிவுகளும் கையில் இருக்கட்டும்.

இடுப்பு வலியோடு குளிர் காய்ச்சல் வந்தால், அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் பிடித்திருக்கலாம். கார்டைத் தேடி நேரம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். குடும்ப அட்டை எண்ணை வைத்தே பதிவைப் பார்த்துவிடலாம்.

பலர் கோட்டைவிடுவது ஸ்டென்ட் விஷயத்தில். சிறுநீர் தடையில்லாமல் இறங்க ஆபரேஷனில் உள்ளே வைத்த அந்தக் குழாயை டாக்டர் சொன்ன தேதியில் எடுத்தே ஆகவேண்டும். வலி போய்விட்டதே என்று மாதக்கணக்கில் விட்டால் அதன்மேலேயே கல் படியும்; பிறகு அதை எடுக்கவே இன்னோர் ஆபரேஷன். எடுக்கும் செலவு யாருடையது என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டு, தேதியையும் எழுதி வாங்குங்கள். திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்கு மருத்துவமனை பணம் கேட்டால் 1800 425 3993 எண்ணில் புகார் செய்யலாம்.

எடுத்த கல்லை ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கால்சியம் கல் என்று வந்தால் பாலை நிறுத்திவிடாதீர்கள். கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் ஆக்சலேட் என்ற பொருளை, உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். அது குறைந்தால் ஆக்சலேட் சிறுநீரகத்துக்குப் போகும். குறைக்கவேண்டியது ஊறுகாய், அப்பளம், கருவாடு போன்றவற்றிலுள்ள உப்பு. நாளுக்கு 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கவேண்டும். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு 3 லிட்டர்கூடப் போதாது.